‘சிவப்பா ஒரு கிலோ’... போதும் பாஸ்!

மாம்பழத்தைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்குற நாம, ஆப்பிளை மட்டும் கலர் பார்த்து வாங்கலாமா? நாக்கை நம்பி ஆப்பிள் செலக்ட் பண்ண ஒரு ஜாலி கைடு!

ஆப்பிள்னு சொன்னதும் உங்க மனசுல முதல்ல என்ன வருது? ஆஸ்பத்திரிதானே! யாருக்காவது உடம்பு சரியில்லைனா, ஒரு கையில ஹார்லிக்ஸ் பாட்டில், இன்னொரு கையில ஒரு கிலோ ஆப்பிளோட கிளம்பிடுவோம். படுத்திருக்கறவர் ‘எதுக்குப்பா இதெல்லாம்?’னு கேட்பார். நாலு நாள் கழிச்சு, அதே ஆப்பிள் வேற யாரையோ பார்க்கப் போற பையில ஏறிடும். ஆக, நம்ம ஊர்ல ஆப்பிளை ஒரு விசிட்டிங் கார்டு மாதிரிதான் வெச்சிருக்கோம்!

ஆனா, இதே நாம சித்திரை பிறந்துட்டா மாம்பழத்துல பிஹெச்.டி. முடிச்ச மாதிரி பேசுவோம். ‘இமாம்பசந்த் வந்துடுச்சா?’, ‘மல்கோவா என்ன விலை?’, ‘பங்கனப்பள்ளி இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்’னு தாத்தாவுல இருந்து தம்பி வரைக்கும் ஆளுக்கொரு கருத்து. வாழைப்பழம் மட்டும் என்ன? பூஜைக்குப் பூவன், சாப்பாட்டுக்கு ரஸ்தாளி, சிப்ஸுக்கு நேந்திரன், பழனிக்குப் போனா மலைவாழைனு தெளிவா பிரிச்சு வெச்சிருக்கோம்.

ஆப்பிள் வண்டி முன்னாடி நின்னா மட்டும் அந்த அறிவு எல்லாம் எங்கே போகுதுனே தெரியலை. ‘அண்ணே, நல்லா சிவப்பா பார்த்து ஒரு கிலோ போடுங்க!’ முடிஞ்சது மேட்டர்.

கொஞ்சம் விவரமானவங்க ‘ஷிம்லா ஆப்பிள் இருக்கா? வாஷிங்டன் ஆப்பிள் இருக்கா?’னு கேட்பாங்க. ஆனா பாஸ், அது ரெண்டுமே ரகத்தோட பேர் இல்லை, ஊரோட பேர்! ‘சேலத்து மாம்பழம் குடுங்க’னு கேட்கிற மாதிரிதான். சேலத்துல எந்த மாம்பழம்னு அடுத்த கேள்வி இருக்கே, அதை ஆப்பிள் விஷயத்துல நாம கேட்கிறதே இல்லை.

உங்க கேங்லயும் ஒருத்தராவது இருப்பாங்க, ‘எனக்கு ஆப்பிளே பிடிக்காதுப்பா, மாவைத் திங்கற மாதிரி இருக்கும்’னு சொல்றவங்க. அவங்க நாக்கு மேல எந்தத் தப்பும் இல்லை. அவங்களுக்கு வாய்ச்ச ஆப்பிள் அப்படி. அந்த ஆப்பிள் ஏன் அப்படி ஆச்சுங்கறதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல நீளுற ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. அதுல வில்லன் யார் தெரியுமா? ‘நல்லா சிவப்பா குடுங்க’னு கேட்ட ஜனங்கதான்!

வெட்ட வெட்ட முளைச்ச ஹீரோ

அமெரிக்காவில் அயோவா மாநிலம். அங்கே பெரு என்ற சின்ன ஊர். ஜெஸ்ஸி ஹையாட் என்ற விவசாயியோட தோட்டத்தில் 1870-களில் ஒரு ஆப்பிள் கன்று, யாரும் நடாமல், வரிசை தப்பி முளைச்சது. ‘வரிசையில இல்லையே’னு வெட்டிப் போட்டார். திரும்ப முளைச்சது. மறுபடி வெட்டினார். மறுபடியும் முளைச்சது. ‘இவ்வளவு அடம்பிடிக்கிறியே, பொழைச்சுப் போ’னு விட்டுட்டார். வருஷங்கள் கழிச்சு அந்த மரம் காய்ச்சப்போ, பழத்தைக் கடிச்சவர் அசந்துட்டார். ‘ஹாக்ஐ’னு பேரும் வெச்சார்.

1893-ல் மிசோரி மாநிலத்தில் ஸ்டார்க் சகோதரர்கள் நர்சரி ஒரு பழப் போட்டி நடத்தியது. ஹையாட் தன்னோட ஆப்பிளை அனுப்பி வெச்சார். அதைக் கடிச்ச நர்சரி முதலாளி வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை ‘டெலிஷியஸ்’ என்று சொல்வாங்க. அதுவே பேராச்சு! அப்புறம் 1914-ல் அதே நர்சரி, மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை 5,000 டாலர் கொடுத்து வாங்கி, அதைச் சுத்தி கூண்டு கட்டி, திருடன் வந்தா மணி அடிக்க அலாரமும் வெச்சது. அதுதான் ‘கோல்டன் டெலிஷியஸ்’. தங்கத்துக்கு ஜோடியா, பழைய டெலிஷியஸ் ‘ரெட் டெலிஷியஸ்’ ஆயிடுச்சு.

ஒரே ஒரு மரத்துக்கு ஏன் இவ்வளவு பாதுகாப்புனு கேட்கிறீங்களா? அதுலதான் ஆப்பிளோட ரகசியமே இருக்கு.

விதை போட்டா வேற ஆள் வருவார்!

நல்ல ஆப்பிள் ஒண்ணைச் சாப்பிட்டு, அதோட விதையை நட்டீங்கன்னா அதே ஆப்பிள் வரும்னு நினைச்சா, வராது. அப்பா அம்மா ரெண்டு பேரோட ஜீன்களும் கலைச்சுப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி விதையில் விழும். ஒரு பழத்துல இருக்கிற நாலு விதையை நட்டா, நாலு விதமான மரம். அதுல பெரும்பாலும் பழம் புளிக்கும், இல்லை சின்னதா சுருங்கும். நல்லதா ஒண்ணு அமையுறது லாட்டரி! 2010-ல் விஞ்ஞானிகள் கோல்டன் டெலிஷியஸோட ஜீன்களை எண்ணிப் பார்த்தப்போ சுமார் 57,000 வந்தது. மனுஷங்களுக்கு ஏறத்தாழ 20,000-தான். சீட்டுக்கட்டு எவ்வளவு பெருசுனு பார்த்துக்கோங்க.

அதனால, நல்ல மரம் ஒண்ணு கிடைச்சா, அதோட குச்சியை வெட்டி வேற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிதான் பெருக்கணும். நம்ம ஊர் ஒட்டு மாங்கன்று டெக்னிக்கேதான். இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கிற ஒவ்வொரு ரெட் டெலிஷியஸ் மரத்தோட வம்சமும், ஹையாட் ரெண்டு வாட்டி வெட்டிப் போட்ட அந்த ஒத்தை மரத்துக்குத்தான் போய் நிக்கும்.

சரி, அந்த டெலிஷியஸ் அவ்வளவு ருசியா இருந்ததுன்னா, இப்ப ஏன் மாவா இருக்கு?

ஆறாயிரம் டாலர் கிளை

ஒட்டுக்கட்டின மரத்துலயும் எப்பவாவது ஒரு கிளை மட்டும் திடீர்னு மாறும். 1923-ல் நியூஜெர்சியில் ஒரு தோட்டக்காரர், தன்னோட டெலிஷியஸ் மரத்தில் ஒரு கிளையில் மட்டும் பழம் மத்ததுக்கு முன்னாடியே செக்கச் செவேல்னு ஆகிறதைப் பார்த்தார். மத்த கிளையில் எல்லாம் இன்னும் பச்சை! ஸ்டார்க் நர்சரி ஓடி வந்து அந்த ஒரு கிளையை 6,000 டாலருக்கு வாங்கிட்டுப் போச்சு. மரம் 5,000, கிளை 6,000. கலருக்கு இருந்த மவுசைப் பாருங்க!

ஒரிஜினல் டெலிஷியஸ் முழுச் சிவப்பே கிடையாது. மஞ்சள் தோல் மேல சிவப்புக் கோடு போட்டிருக்கும். ஆனா கடையில் சிவப்பா இருந்ததுதான் முதல்ல வித்துப்போச்சு. ‘இதைவிடச் சிவப்பு இருக்கா?’னு கேட்டாங்க. தோட்டக்காரர்கள் இன்னும் சிவந்த கிளையைத் தேடித் தேடி ஒட்டினாங்க. பல வருஷம் இப்படியே போச்சு. பழம் உள்ளே முத்தறதுக்கு முன்னாடியே வெளியே சிவந்துடும். சிவந்ததும் பறிச்சுடலாம். தோல் தடிச்சா வண்டியில அடிபடாது. பளபளனு போட்டோவுக்கு போஸ் கொடுக்கும். எல்லாமே வசதிதான், சாப்பிடறவனைத் தவிர! தோல் லேசா கசந்தது. உள்ளே இனிப்பும் வாசமும் குறைஞ்சது.

1980-களில் வாஷிங்டன் மாநிலத்தில் விளைஞ்ச ஆப்பிளில் முக்கால் பங்கு ரெட் டெலிஷியஸ். அப்பதான் ஃபுஜி, காலானு புதுசா சில பழங்கள் கடைக்கு வந்தது. ஜனங்க ஒரு கடி கடிச்சாங்க, கட்சி மாறிட்டாங்க! 1990-களின் கடைசியில் அங்கே ஆப்பிள் விவசாயிகள் பெரிய நஷ்டத்தில் விழுந்து, 2000-ல் அமெரிக்க அரசே நிவாரணப் பணம் கொடுக்க வேண்டியதாச்சு. அரை நூற்றாண்டுக்கு மேல அமெரிக்காவில் நம்பர் ஒன்னா இருந்த ரெட் டெலிஷியஸை, 2018-ல் காலா முந்திடுச்சு.

வாங்கறவங்க கண்ணால மட்டும் செலக்ட் பண்ணினா, விளைவிக்கிறவங்களும் கண்ணுக்குத்தான் விளைவிப்பாங்க. கடைசியில் ருசி போனதும் வாங்கறவங்க வேற பழத்துக்குத் தாவிடுவாங்க. மரத்தை நட்டவர் எங்கே தாவறது?

குப்பைக்குப் போக இருந்த கோல்டு மெடலிஸ்ட்

இதுக்கு நேர் எதிரான கதையும் இருக்கு. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்துல 1960-களில் உருவான ஒரு ஆப்பிள் மரம், 1977-ல் ‘தேறாது, தூக்கிப் போடு’னு பட்டியலில் சேர்ந்துடுச்சு. அங்கே புதுசா வேலைக்குச் சேர்ந்த டேவிட் பெட்ஃபோர்டுங்கற ஆராய்ச்சியாளர், ‘இன்னொரு சான்ஸ் கொடுத்துப் பார்ப்போமே’னு அதைக் காப்பாத்தினார். சில வருஷம் கழிச்சு பழத்தைக் கடிச்சா, வாய்க்குள்ள சரவெடி! 1991-ல் ‘ஹனிகிரிஸ்ப்’னு பேர் வெச்சு வெளியே விட்டாங்க. பளிச் சிவப்பு இல்லாமலேயே, அதிக விலைக்குப் போற ஆப்பிள் ஆச்சு. அரியர் வெச்ச பையன் கேம்பஸ் இன்டர்வியூவில் டாப் கம்பெனியைத் தட்டின கதைதான்!

அந்த ‘மொறுக்’ எங்கிருந்து வருது? மெக்கானிக்கல் மக்கள் கவனிங்க... இது உங்க ஏரியா! ஆப்பிள் சதைங்கறது தண்ணி நிரப்பின குட்டிக் குட்டி பலூன்களை பசை போட்டு ஒட்டின மாதிரி. பசை வலுவா இருந்தா, நீங்க கடிக்கும்போது பலூன் வெடிக்கும். சத்தமும் வரும், சாறும் தெறிக்கும். நாள் ஆக ஆக அந்தப் பசை இளகிடும். அப்ப கடிச்சா பலூன்கள் வெடிக்காம ஒண்ணை விட்டு ஒண்ணு நழுவும். சாறு உள்ளேயே பூட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் உங்க ஃப்ரெண்டு சொன்ன ‘மாவு’! ஹனிகிரிஸ்ப்ல இந்த பலூன்கள் சைஸ்ல பெருசு. அதான் அவ்வளவு சத்தம்.

கோட்கர் கொண்டு வந்த அமெரிக்கர்

‘அதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு என்ன?’னு கேட்காதீங்க. நாம ஷிம்லா ஆப்பிள்னு சாப்பிடறதுல பெரும்பங்கு அந்த ஹையாட் மரத்தோட வாரிசுகள்தான்.

ஃபிலடெல்ஃபியாவில் வசதியான குடும்பத்துப் பையன் சாமுவேல் ஸ்டோக்ஸ். 1904-ல், நம்ம வயசுல, தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியா வந்தார். ஷிம்லா பக்கத்தில் கோட்கரில் தங்கி, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டார். அதுக்கு முன்னாடி ஆங்கிலேயர்கள் குலு பள்ளத்தாக்கில் நட்டது புளிப்பான இங்கிலீஷ் ரகங்கள். இனிப்பு தேடுற நம்ம நாக்குக்கு அது செட் ஆகலை. ஸ்டோக்ஸ் 1916-ல் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை வரவழைச்சு நட்டார். பக்கத்து விவசாயிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். மலைக்கே வாழ்வாதாரம் மாறிடுச்சு. இதுக்கு நடுவுல காங்கிரஸில் சேர்ந்து, 1921-ல் ஆங்கிலேய அரசால் சிறைக்கும் போனார். பின்னாளில் சத்யானந்த் ஸ்டோக்ஸ்னு பேர் மாத்திக்கிட்டார். ஒரு மரம் ஒரு மாநிலத்தையே தூக்கி நிறுத்தும்னா, அதுக்கு ஹிமாச்சல்தான் சாட்சி.

அப்ப நம்ம தமிழ்நாட்டுல? கொடைக்கானல் மலையில் கொஞ்சம் விளையுது. ரோம் பியூட்டி, பார்லின்ஸ் பியூட்டி மாதிரி ரகங்கள்! டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரம் நடுங்கினாத்தான் ஒழுங்கா பூ வரும். நம்ம சமவெளியில் 7 டிகிரியை ஃப்ரிட்ஜ் உள்ளேதான் பார்க்க முடியும்!

இவங்கதான் போட்டியாளர்கள்!

சரி, கடைக்குப் போவோம். பழமுதிர் நிலையத்துலயும் சூப்பர் மார்க்கெட்லயும் கண்ணுல படற ஆட்களோட பயோடேட்டா இதோ...

காலா: நியூசிலாந்துக்காரர். சைஸ் சின்னது, தோல் மெல்லிசு, மிதமான இனிப்பு. மஞ்சள் மேல ஆரஞ்சு சிவப்புக் கோடு இருக்கும். ‘ராயல் காலா’ இதோட கொஞ்சம் அதிகம் சிவந்த தம்பி. காலேஜ் பேக்ல போட்டுக்கிட்டுப் போக சரியான சைஸ். முதல் தடவை ட்ரை பண்றவங்களுக்கு ஏத்தது.

ஃபுஜி: ஜப்பானில் ஃபுஜிசாகி என்ற ஊரில் 1939-ல் கலப்பு செஞ்சு, 1962-ல் பேர் வெச்சது. அம்மா அப்பாவில் ஒருத்தர் ரெட் டெலிஷியஸேதான்! அழகை விட்டுட்டு இனிப்பை மட்டும் வாங்கிக்கிட்ட புத்திசாலிப் பிள்ளை. கலர் டல்லா, ரோஸா இருக்கும். பார்த்து ஒதுக்கிடாதீங்க. இனிப்புப் பிரியர்களுக்கு இதுதான் சாய்ஸ். ரொம்ப நாள் தாங்கவும் செய்யும்.

கிரானி ஸ்மித்: பச்சை ஆப்பிள். 1868-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கத்தில், மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியோட தோட்டத்தில் தானா முளைச்சது. அதான் பேர்லயே பாட்டி! நல்ல புளிப்பு, நல்ல மொறுமொறுப்பு. துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பாருங்க. ஸ்கூல் வாசல்ல வாங்கின மாங்காய்ப் பத்தை ஞாபகம் வரலைனா கேளுங்க!

பிங்க் லேடி: மேற்கு ஆஸ்திரேலியாவில் 1973-ல் ஜான் கிரிப்ஸ் என்பவர் கோல்டன் டெலிஷியஸையும் லேடி வில்லியம்ஸையும் சேர்த்து உருவாக்கினது. ரகத்தோட பேர் கிரிப்ஸ் பிங்க். ‘பிங்க் லேடி’ங்கறது வியாபாரப் பேர். இனிப்பும் புளிப்பும் சரிபாதி. விலை கொஞ்சம் மிரட்டும். ட்ரீட் கிடைக்கிற அன்னிக்கு ஓ.கே.!

கோல்டன் டெலிஷியஸ்: மஞ்சளா இருக்கறதால யாரும் திரும்பிப் பார்க்காத பழம். தோல் மெல்லிசு, தேன் வாசம். ரொம்ப நாள் வெச்சா தோல் சுருங்கிடும். வாங்கின சூட்டோட சாப்பிட்டுடணும்.

ரெட் டெலிஷியஸ்: இவ்வளவு திட்டிட்டோமேனு ஒதுக்கிடாதீங்க. மலையில் பறிச்ச சூட்டோட, சீஸன்ல வர்ற டெலிஷியஸ் நல்லாவே இனிக்கும். எட்டு மாசம் குளிர் அறையில் படுத்துட்டு வந்ததுதான் மாவாகும். தோள்பட்டை அகலமா, அடியில் அஞ்சு முட்டு இருந்தா இவர்தான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு மட்டும் ஒரு போனஸ். 1984-ல் வந்த ‘மேகின்டாஷ்’ கம்ப்யூட்டருக்குப் பேர் வந்தது, ‘மெக்கின்டாஷ்’ங்கற கனடா ஆப்பிள் ரகத்தில் இருந்துதான். அந்த ப்ராஜெக்ட்டை ஆரம்பிச்ச ஜெஃப் ராஸ்கினுக்கு ரொம்பப் பிடிச்ச ஆப்பிள் அது. பேவரைட் ஆப்பிள் எதுனு தெரிஞ்சு வெச்சுக்கறது எங்கே எல்லாம் கொண்டு போய் விடுது பாருங்க!

கடையில் கண்ணை மூடு, கையைத் திற!

* தூக்கிப் பாருங்க. ஒரே சைஸில் ரெண்டு இருந்தா, கனமானதை எடுங்க. சாறு அதில்தான்.

* கட்டை விரலால் லேசா அழுத்துங்க. கல்லு மாதிரி இருக்கணும். அமுங்கினா அது மாவு பார்ட்டி. கடைக்காரர் முறைக்கிற அளவுக்கு அழுத்தாதீங்க!

* சிவப்பைப் பார்க்காம, சிவப்புக்கு நடுவுல தெரியற அடிநிறத்தைப் பாருங்க. காலா, ஃபுஜி மாதிரி பழங்களில் அடிநிறம் இளமஞ்சளா இருந்தா முத்தின பழம். பச்சையா இருந்தா அவசரப்பட்டுப் பறிச்சது.

* மோந்து பாருங்க. வாசம் வந்தா ருசியும் வரும்.

* ஸ்டிக்கரில் இருக்கிற நம்பரைப் படிங்க. அது விலை இல்லை, ரகத்தோட ரோல் நம்பர்! பெரிய சைஸ் பழங்களில் 4131-னா ஃபுஜி, 4135-னா காலா, 4017-னா கிரானி ஸ்மித், 4016-னா ரெட் டெலிஷியஸ். ஸ்டிக்கர் இருக்குங்கறதாலயே பழம் உசத்தினு மட்டும் நினைச்சுடாதீங்க.

* மாசத்தைப் பாருங்க. ஹிமாச்சல் ஆப்பிள் ஜூலையில் ஆரம்பிச்சு அக்டோபர் வரை பறிப்பாங்க. காஷ்மீர் ஆப்பிள் ஆகஸ்ட் கடைசியில் இருந்து நவம்பர் வரை. அந்தச் சமயத்தில் நம்ம நாட்டு ஆப்பிளை அடிச்சுக்க ஆளே இல்லை. ஏப்ரல், மே மாசத்தில் கிடைக்கிற இந்திய ஆப்பிள் பெரும்பாலும் குளிர் அறையில் இருந்து வந்தது. அங்கே 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜனை 1 முதல் 3 சதவீதமா குறைச்சு, பழத்தை மூச்சு வாங்கவிடாம தூங்க வெச்சிருப்பாங்க. அந்த மாசங்களில் நியூசிலாந்து, சிலி பழங்கள் புதுசு. அங்கே அப்பதான் அறுவடை.

வாங்கியாச்சா? ஃப்ரிட்ஜில் வைங்க. வெளியே வெச்சா பல மடங்கு வேகமா இளகிடும். ஹாஸ்டல்வாசிகள் ரெண்டு மூணு மட்டும் வாங்கறது நல்லது. வாழைப்பழம் பக்கத்தில் வைக்கவே வைக்காதீங்க. ஆப்பிள் விடற எத்திலீன் வாயு வாழையைக் கறுப்பாக்கும், வாழை விடறது ஆப்பிளை மாவாக்கும். ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் சேர்ந்து கெட்டுப்போற கதைதான்!

சண்டே ஸ்பெஷல்: கண்கட்டு கேம்

உங்க பேவரைட் எதுனு எந்தக் கட்டுரையும் சொல்ல முடியாது. நீங்கதான் கண்டுபிடிக்கணும். அதுக்கு ஒரு சூப்பர் கேம்.

நாலு பேர் சேருங்க. ஆளுக்கு ஒரு ரகம். ரகத்துக்கு ஒரே ஒரு பழம் போதும், கிலோ கணக்கில் வேண்டாம். எல்லாத்தையும் ஒரே நேரம் ஃப்ரிட்ஜில் இருந்து வெளியே எடுங்க. சாப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் வெட்டுங்க, இல்லைனா காத்து பட்டு பழுப்பாகிடும். எல்லாம் ஒரே சைஸ் துண்டு. ஒருத்தர் ஊட்ட, மத்தவங்க கண்ணைக் கட்டிக்கணும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ஒரு வாய் தண்ணி. பச்சை ஆப்பிளைக் கடைசியில் கொடுங்க. முதல்லயே கொடுத்தா புளிப்பு அடுத்த ருசியை அமுக்கிடும்.

மார்க் போட அஞ்சு சப்ஜெக்ட்: மொறுமொறுப்பு, இனிப்பு, புளிப்பு, சாறு, வாசம். ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க். ஒருத்தர் மார்க்கை இன்னொருத்தர் பார்த்து எழுதக் கூடாது, இது இன்டர்னல் எக்ஸாம் இல்லை! கட்டை அவிழ்த்துட்டு கூட்டிப் பாருங்க. ‘எனக்கு இனிப்புதான் பிடிக்கும்’னு சத்தியம் பண்ணினவர், பிங்க் லேடிக்கு நாப்பது மார்க் போட்டிருப்பார். ‘ஆப்பிளே பிடிக்காது’னு சொன்னவர் ரெண்டாவது துண்டு கேட்பார். எல்லாருக்கும் ஒரே ரிசல்ட் வரவே வராது. வரவும் கூடாது.

அம்ப்ரியைக் கேளுங்க!

கடைசியா ஒரு பேர். மனசுல குறிச்சு வைங்க: அம்ப்ரி.

இந்தியாவில் விளையற ஆப்பிளில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு காஷ்மீரில் இருந்து வருது. அந்த மண்ணோட சொந்தப் பழம் அம்ப்ரி. டெலிஷியஸ் வர்றதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடியே அங்கே இருந்தது. நல்ல மொறுமொறுப்பு, தனி வாசம், குளிர் அறை இல்லாமலேயே மாசக்கணக்கில் தாங்கும். ஆனா மரம் காய்க்கத் தொடங்கவே பல வருஷம் ஆகும். ஒரு வருஷம் காய்ச்சா, அடுத்த வருஷம் ஓய்வு எடுக்கும். டெலிஷியஸ் அளவுக்குச் சிவக்கவும் சிவக்காது. சந்தையில் ‘சிவப்பா குடுங்க’ங்கற குரல் கேட்கக் கேட்க, விவசாயிகள் அம்ப்ரியை வெட்டிட்டு டெலிஷியஸ் நட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டணுமே! இன்னிக்கு ஷோபியான் பக்கத்தில் கொஞ்சம் தோட்டங்களில்தான் அம்ப்ரி மிச்சம். அதோட வாசத்தைக் காப்பாத்த, ரெட் டெலிஷியஸோட சேர்த்து ‘லால் அம்ப்ரி’ங்கற கலப்பு ரகத்தையும் காஷ்மீர் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கி இருக்காங்க. கவனிச்சீங்களா? ‘லால்’னா சிவப்பு! அம்ப்ரி பிழைக்கணும்னாலும் சிவப்புச் சட்டை போட வேண்டியிருக்கு.

நம்ம ஊர்ல எத்தனை மாம்பழ ரகம் இன்னும் உயிரோட இருக்குன்னா, அதைப் பேர் சொல்லிக் கேட்க ஆள் இருக்கறதாலதான். இமாம்பசந்த்தோட பச்சைத் தோலைப் பார்த்து யாராவது ஒதுக்கறோமா? அந்த மரியாதையைத்தான் ஆப்பிளும் கேட்குது.

அதனால, அடுத்த தடவை பழக்கடைக்குப் போறப்போ, ‘அண்ணே, இது என்ன ரகம்? எப்ப வந்தது?’னு ஒரு வார்த்தை கேளுங்க. முதல் தடவை அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பத்து பேர் கேட்டா, மார்க்கெட்டில் லோடு எடுக்கிறப்போ அவரும் கேட்பார். அவர் கேட்டா மண்டிக்காரர் கேட்பார். அந்தக் கேள்வி லாரி ஏறி ஒரு நாள் ஷோபியான் வரைக்கும் போகும்.

அப்புறம்... யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னா, நாலு ரகம் வாங்கிட்டுப் போங்க. ‘எது நல்லா இருக்குனு மார்க் போட்டு வைங்க மாமா, நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்’னு சொல்லுங்க. அந்த ஆப்பிள் வேற யார் பையிலயும் ஏறாது, பெட்!